கலத்தின் அடியில் எழுதிய காலம்

ஒரு வீட்டில் நெடுங்காலம் புழங்கிய தட்டையோ கோப்பையையோ கவிழ்த்துப் பார்த்தால், அதன் அடியில் ஒரு சிறு முத்திரை தென்படும். ஒரு மகுடம், ஒரு சிங்கம், ஒரு முடிச்சு, ஓர் ஊரின் பெயர், சில எண்கள் என அது பலவாறு அமையும். உணவு பரிமாறும்போது எவரும் பார்க்காத இடம் அது. ஆயினும், அக்கலம் எங்கே, யாரால், எக்காலத்தில் செய்யப்பட்டது என்பதற்கு அதுவே முதற்சான்று. அச்சான்றைப் படிக்கும் முறையை இங்கிலாந்துப் பீங்கான்களை முன்வைத்து விளக்குவது இவ்வுரையின் நோக்கம். ரவாங் போன்ற ஊர்களின் தமிழர் வரலாற்றுக்கு அம்முறை எவ்வளவு தூரம் பயன்படும், எங்கே நின்றுவிடும் என்பதையும் ஆசிரியர்களும் மாணவர்களும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பீங்கான் என்னும் சொல்லே வணிகம் இட்ட முத்திரை போன்றது. மலாய்மொழியில் தட்டைக் குறிக்கும் 'பிங்கான்' இதன் உறவுச்சொல். பாரசீகத்திலும் கிண்ணத்தைக் குறிக்க இவ்வடிவம் உண்டு. பானை, சட்டி, குடம், தாழி, கலயம் எனத் தன் மண்ணில் வனைந்தவற்றுக்குச் சொல்வளம் மிகுந்த மொழி தமிழ். புறநானூற்றில் குயவனை விளித்தே பாடிய பாடல்கள் உண்டு. அத்தகைய மொழி, கடல் கடந்து வந்த வழவழப்பான கலத்துக்குக் கடல்வழியில் வழங்கிய பெயரையே ஏற்றுக்கொண்டது. பொருளோடு பெயரும் பயணம் செய்தது. பெயரோடு முத்திரையும் பயணம் செய்தது.

அரிக்கமேடு கற்பித்த பாடம்

கலத்தின் முத்திரையைக் கொண்டு காலம் அறியும் முறை தமிழர் வரலாற்றுக்குப் புதியதன்று. தென்னிந்தியத் தொல்லியலின் காலக்கணக்கு உறுதி பெறத் தொடங்கியதே அம்முறையால்தான்.

புதுச்சேரிக்கு அருகே அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் உள்ளது அரிக்கமேடு. இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக இருந்த மார்ட்டிமர் வீலர் 1945ஆம் ஆண்டில் அங்கே அகழாய்வு செய்தார். மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தவற்றுள் சில, செந்நிறப் பளபளப்புடைய அயல்நாட்டுத் தட்டுகளின் உடைந்த துண்டுகள். இத்தாலியின் அரெட்சோ நகரின் பெயரால் அறியப்படும் கலவகையைச் சேர்ந்தவை என்று அவற்றை வீலர் கண்டார். அவற்றுள் சிலவற்றில் உரோம எழுத்துகளில் 'விபியே', 'கமூரி', 'இத்தா' எனக் குயவர் பெயர்கள் சூளைக்குப் போகுமுன்னரே அச்சாகப் பதிக்கப்பட்டிருந்தன. அவ்வகைக் கலங்கள் ஐரோப்பாவில் எக்காலத்தில் புழங்கின என்பது முன்னரே ஆராயப்பட்டிருந்தது. எனவே அவை கிடைத்த மண்ணடுக்கைக் கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதியோடு அவரால் பொருத்த முடிந்தது.

அதன் பயன் அரிக்கமேட்டோடு முடியவில்லை. அதே அடுக்குகளில், உட்புறத்தில் வட்டவரிசையாகச் சிறு பதிவுகள் உருட்டப்பட்ட ஒருவகைக் கலமும் கிடைத்தது. தொல்லியலார் அதனை ரூலெட்டட் கலம் என்பர். அக்கலம் இந்தியாவின் வேறு ஊர்களிலும் கிடைத்தது. அரிக்கமேட்டில் அதற்குக் கிடைத்த காலத்தைக் கொண்டு, 1947ஆம் ஆண்டில் கருநாடகத்தின் பிரம்மகிரியில் தாம் கண்ட அடுக்குகளுக்கும் வீலர் காலம் கணித்தார். ஒருசில ஓட்டுச் சில்லுகளின் பெயர் முத்திரைகள் ஒரு நிலப்பரப்பின் காலக்கணக்குக்கே திறவுகோலாயின.

ஆனால் இதற்கு ஒரு பின்கதை உண்டு. அயல்நாட்டுக் கலங்களின் காலத்தையே பெரிதும் சார்ந்து, அரிக்கமேட்டுத் துறைமுகம் கிறித்து பிறந்த காலத்தை ஒட்டித்தான் தோன்றியது என வீலர் கருதினார். பிற்காலத்தில் அச்சான்றுகளை மீளாய்வு செய்து, 1989 முதல் 1992 வரை அங்கே மீண்டும் அகழாய்வு நடத்திய விமலா பெக்லி, அவ்வூர் அதற்கு முன்பே, குறைந்தது கி.மு. 2ஆம் நூற்றாண்டிலேயே, வணிகத்தில் ஈடுபட்டிருந்தது என்று காட்டினார். ரூலெட்டட் கலத்தின் தொடக்கமும் பின்னோக்கி நகர்ந்தது. முத்திரை பொய் சொல்லவில்லை. உரோமானியத் தட்டின் காலத்தை அது சரியாகவே சொன்னது. அத்தட்டின் காலத்தையே ஊரின் காலமாகக் கொண்டதுதான் பிழையாயிற்று. இவ்வேறுபாடு இவ்வுரை முழுமைக்கும் அடிப்படை.

சட்டம் இட்ட கையெழுத்து

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய குயவரின் முத்திரை ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலத்தைக் காட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்துக் கலத்தின் முத்திரையோ சிலவேளை ஆண்டையும், மாதத்தையும், நாளையும்கூடக் காட்டிவிடும். கலை நுட்பத்தால் வந்த துல்லியம் அன்று அது. சட்டத்தாலும் வணிகப் போட்டியாலும் வந்தது. ஒருவர் வரைந்த பூவேலையை மற்றவர் திருடாமல் காக்க அரசு சட்டம் இயற்றியது. அச்சட்டத்தின் அடையாளம் தட்டின் அடியில் ஏறியது.

முதலாவது, வைரக் குறி. 1842 முதல் 1883 வரை பதிவு செய்யப்பட்ட வடிவங்களுக்குச் சாய்சதுர வடிவிலான ஒரு குறி வழங்கப்பட்டது. அதன் உச்சியில் சிறு வட்டம் ஒன்றில் பொருளின் வகுப்பு எண் இருக்கும். மட்கலத்துக்கும் பீங்கானுக்கும் உரிய வகுப்பு நான்கு. உரோம எண்ணால் குறிக்கப்படும். சாய்சதுரத்தின் நான்கு மூலைகளில் ஆண்டு, மாதம், நாள், பதிவுத் தொகுதி ஆகியவை அமையும். 1867 வரை ஆண்டைக் குறிக்கும் எழுத்து மேல்மூலையில் நின்றது. ஆங்கில நெடுங்கணக்கின் இருபத்தாறு எழுத்துகளும் இருபத்தாறு ஆண்டுகளில் தீர்ந்துவிட்டமையால், 1868 முதல் ஆண்டெழுத்து வலமூலைக்கு மாறியது. எனவே 'எக்ஸ்' என்னும் எழுத்து மேல்மூலையில் நின்றால் 1842. வலமூலையில் நின்றால் 1868. எழுத்தை மட்டும் பார்த்து இடத்தைப் பாராதவர் கால் நூற்றாண்டுக்கு மேல் தவறுவார்.

இரண்டாவது, பதிவெண். 1884ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வைரக் குறி கைவிடப்பட்டு, ஒன்றிலிருந்து தொடங்கும் வரிசையெண் நடைமுறைக்கு வந்தது. 1885 தொடங்கும்போது எண் 19754ஐ எட்டியிருந்தது. 1890இன் தொடக்கத்தில் அது 141273. 1900இன் தொடக்கத்தில் 351202. இவ்வெண் எல்லாவகைப் பொருள்களுக்கும் பொதுவானது. ஆதலால், பெரிய எண்ணைக் கண்டு ஒரே ஆலை அத்தனை வடிவங்களைப் பதிவு செய்தது என எண்ணிவிடக் கூடாது.

மூன்றாவது, நாட்டின் பெயர். அமெரிக்காவின் மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருள்களின்மேல் அவை பிறந்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1891 முதல் வற்புறுத்தியது. அதன் விளைவாக 'இங்கிலாந்து' என்னும் சொல் முத்திரைகளில் பரவலாயிற்று. சில ஆலைகள் அதற்குச் சற்று முன்னரே அதனை இட்டதுண்டு. 'மேட் இன் இங்கிலாந்து' என்னும் தொடர் பொதுவாக இருபதாம் நூற்றாண்டுக்குரியது. ஜப்பானியக் கலங்களிலும் இச்சட்டத்தின் தடம் காணலாம். 1891க்குப் பின் 'நிப்பான்' என்றும், 1921 முதல் 'ஜப்பான்' என்றும் அவை முத்திரை பெற்றன. போருக்குப் பின் அமெரிக்கப் படைகளின் ஆட்சியில் இருந்த ஆண்டுகளில் 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்யப்பட்டது' என்னும் பொருள்படும் முத்திரையும் வழங்கியது. ஒரு நாட்டின் தோல்வி தேநீர்க் கோப்பையின் அடியில் பதிவான விந்தை அது.

இவற்றோடு சில துணைச்சான்றுகளும் உண்டு. 'டிரேட் மார்க்' என்னும் சொற்கள் 1862ஆம் ஆண்டின் வணிகக் குறிச் சட்டத்துக்குப் பிற்பட்டவை. நிறுவனப் பெயரோடு 'லிமிடெட்' என்று சேர்ந்திருந்தால் அது 1855க்கு முற்பட்டிராது. கலங்களில் அச்சொல் 1880களிலிருந்தே மிகுதியாகக் காணப்படும். பிரிட்டிஷ் அரச சின்னத்தின் நடுவே இன்னுமொரு சிறு கேடயம் இருந்தால், அது விக்டோரியா அரியணை ஏறிய 1837க்கு முற்பட்ட சின்னம்.

ஊர்ப்பெயரும் பேசும். இங்கிலாந்துப் பீங்கான் தொழிலின் தாயகம் ஸ்டாஃபோர்ட்ஷயர் மாவட்டம். அங்கே டன்ஸ்டல், பர்ஸ்லெம், ஹேன்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன் என ஆறு பீங்கான் நகரங்கள் இருந்தன. அவை 1910ஆம் ஆண்டில் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் என்னும் ஒரே நகராட்சியாக இணைந்தன.

ஆலைகள் தமக்கெனச் சொந்தக் குறிகளையும் வைத்திருந்தன. மின்டன் ஆலை 1842 முதல் நூறாண்டுக் காலம் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு சிறு சின்னத்தை அழுத்திப் பதித்தது. வெட்ஜ்வுட் ஆலை 1860 முதல் மூன்றெழுத்துக் குறியைப் பதித்தது. மூன்றாம் எழுத்து ஆண்டைக் குறிக்கும். அவ்வெழுத்து வரிசையும் இருபத்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வந்தது. மூன்றாம் எழுத்து 'யு' என்றால் ஆண்டு 1866ஆகவும் இருக்கலாம், 1892ஆகவும் இருக்கலாம். அருகில் 'இங்கிலாந்து' என்று இருந்தால் 1892 எனத் துணியலாம். ஒரு குறியின் ஐயத்தை மற்றொரு குறி தீர்க்கிறது.

இறுதிச் சான்றே முதற்சான்று

வகுப்பறைக்கு ஏற்ற ஒரு பயிற்சியைக் காண்போம். ஒரு தட்டின் அடியில் 200000 என்ற பதிவெண்ணும், 'மேட் இன் இங்கிலாந்து' என்ற தொடரும், ஸ்டோக்-ஆன்-டிரென்ட் என்ற ஊர்ப்பெயரும், '1790இல் நிறுவப்பட்டது' என்ற வரியும் இருப்பதாகக் கொள்வோம். இத்தட்டின் வயது என்ன?

ஆர்வமிகுந்த மாணவர் 1790 என்பார். அது ஆலை தன்னைப்பற்றிச் சொல்லிக்கொள்ளும் பெருமை; தட்டின் பிறந்தநாள் அன்று. இன்னொருவர் பதிவெண் வரிசையைப் பார்த்து 1892 என்பார். அந்த எண் 1892ஆம் ஆண்டில் பதிவானது என்பது உண்மையே. ஆனால் பதிவானது வடிவம். விற்பனை நன்றாக இருந்தால் அதே வடிவத்தை ஆலை பல ஆண்டுகள் செய்துகொண்டிருக்கும். எஞ்சிய இரண்டு குறிப்புகளும் இருபதாம் நூற்றாண்டையே சுட்டுகின்றன. ஊர்ப்பெயர் 1910க்குப் பிற்பட்ட காலத்தை வலியுறுத்துகிறது. ஆதலால் இத்தட்டு பெரும்பாலும் 1910க்குப் பின் செய்யப்பட்டது.

முத்திரையில் உள்ள சான்றுகளுள் காலத்தால் பிந்தியது எதுவோ, அதுவே கலத்தின் காலத்தைத் தீர்மானிக்கும். மேலும், 'இதற்கு முன்பன்று' என்று சொல்வதுதான் முத்திரையின் இயல்பு. 'இவ்வாண்டில்தான்' என்று அது அரிதாகவே சொல்லும். இதனை உணராமல் பழைமையை மிகைப்படுத்துவது வணிகருக்கு ஆதாயம், வரலாற்றுக்கு இழப்பு.

பெயர் ஒற்றுமையும் ஏமாற்றும். வெட்ஜ்வுட் என்னும் பெயரின் புகழைக் கண்டு, இடையில் ஓர் எழுத்தைக் கூட்டி அப்பெயரைத் தம் கலங்களில் இட்ட ஆலையும் இருந்தது. 'வெட்ஜ்வுட் அண்ட் கோ' என்பது வேறொரு நிறுவனம். எழுத்தெழுத்தாகப் படிக்கும் கல்வெட்டாய்வாளரின் பொறுமை இங்கும் வேண்டும்.

ரவாங்கின் வாசலில்

இனி நம் ஊருக்கு வருவோம். கோலாலம்பூருக்கு வடக்கே அமைந்த ரவாங், ஈயலம்பங்களால் வளர்ந்த ஊர். லோக் யூவும் கே. தம்புசாமிப் பிள்ளையும் நடத்திய ஈயச் சுரங்கத்தில் 1894ஆம் ஆண்டில் மின்னாக்கி நிறுவப்பட்டதை, இந்நாட்டில் மின்சாரம் பயன்பட்டதன் தொடக்கமாகக் கூறுவர். அதற்கு இரண்டாண்டு முன்னர், 1892இல், கோலாலம்பூரிலிருந்து இருப்புப்பாதை ரவாங்கை எட்டியிருந்தது. கிள்ளான் பக்கத்துத் துறையையும் கோலாலம்பூரையும் இணைத்த பாதை 1886இலேயே திறக்கப்பட்டது. கப்பலில் வந்த சரக்கு, உடையக்கூடிய பீங்கான் உட்பட, மாட்டுவண்டியின் குலுக்கலின்றி உள்நாட்டுக்கு வரும் வழி இவ்வாறு பிறந்தது. பின்னர் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அவற்றோடு தமிழ்த் தொழிலாளரும் பெருந்தொகையாக வந்து சேர்ந்தனர்.

அக்காலத் தோட்டத்தின் சமூக அடுக்கு, சாப்பாட்டு மேசையிலும் தெரிந்தது. துரையின் பங்களாவில் இங்கிலாந்துத் தேநீர்க் கோப்பைகள் இருந்திருக்கும். லயன் வீட்டில் மண்சட்டியும், பித்தளைச் செம்பும், தகரக் குவளையும், பின்னாளில் எவர்சில்வரும் புழங்கின. ஆயினும் இக்கோடு முற்றிலும் மூடிய கோடன்று. உடைந்த தொகுதியில் எஞ்சிய கோப்பை, வேலைக்காரரின் கைக்கு வந்த பழைய தட்டு, சந்தையில் மலிவாக வாங்கிய கலம் என ஒரு பீங்கான் வீடு மாறும் வழிகள் பல.

இவ்வட்டாரத்துக்கு வந்த ஐரோப்பியக் கலங்கள் எல்லாம் இங்கிலாந்தில் செய்தவையும் அல்ல. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இருந்த பெல் நிறுவனம், தென்கிழக்காசியச் சந்தைக்கெனவே மலாய்ப் பெயர்கள் சூட்டிய தட்டுகளைச் செய்தனுப்பியது. சில முத்திரைகளில் ஜாவி எழுத்தும் உண்டு. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் இருந்த பெட்ரஸ் ரெகூட் ஆலையின் கலங்களும் இத்தீவுக்கூட்டத்தில் பரவின. வாங்குபவரின் மொழியில் பெயரிட்டு விற்கும் உத்தி அன்றே இருந்தது. அச்சந்தையில் தமிழரும் வாங்கினர். ஆனால் முத்திரை எழுதப்பட்டது பெரும்பான்மை வாங்குநரை நோக்கி. யாருக்கு விற்க எண்ணினார்கள் என்பதை முத்திரை சொல்லும். யார் வாங்கிப் புழங்கினார்கள் என்பதைச் சொல்லாது.

அரிக்கமேட்டின் பாடம் இங்கேதான் பொருந்துகிறது. ஒரு லயன் வீட்டில் 1890களின் முத்திரையுடைய தட்டு கிடைத்தால், அக்குடும்பம் 1890களில் இங்கு வந்தது என்று எழுதிவிட இயலாது. தட்டு பழையதாகவே வாங்கப்பட்டிருக்கலாம். அதைப்போலவே, 1950களின் கோப்பை மட்டுமே எஞ்சியிருப்பதால் அக்குடும்பத்தின் வரலாறு 1950களில்தான் தொடங்கியது என்பதும் பிழை. முத்திரை கலத்தின் காலத்தைத் தரும். குடும்பத்தின் காலத்தைத் தர வேறு சான்று வேண்டும்.

உடைமையாளர் எழுத்து

அந்த வேறு சான்று பலவேளை அதே கலத்தின்மேலேயே இருக்கும். கலத்தின்மேல் இருவகை எழுத்துகள் உண்டு. ஒன்று, செய்தவர் இடும் எழுத்து. மற்றொன்று, உடைமையாளர் இடும் எழுத்து. உரோமானியத் தட்டில் குயவரின் பெயர் சுடுமுன் பதிக்கப்பட்டது. அரிக்கமேடு, கொடுமணல், கீழடி ஆகிய ஊர்களில் கிடைத்த தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளில் பெரும்பாலானவை, சுட்டபின் கீறப்பட்ட ஆட்பெயர்களைத் தாங்கியவை. தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் குவான் லுக் பாட் என்னுமிடத்தில் கிடைத்த பொற்கொல்லரின் உரைகல்லில் 'பெரும்பதன் கல்' என்று தமிழில் பொறித்திருப்பதும் இம்மரபே. இப்பகுதிக் கடற்கரைக்கு வந்த தமிழ்த் தொழிலாளி ஒருவர், ஏறத்தாழ ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே, தம் கருவியில் தம் பெயரை விட்டுச் சென்றார்.

திருமணச் சீர்வரிசைப் பாத்திரங்களில் பெயர் வெட்டும் நம் வழக்கம் அம்மரபின் தொடர்ச்சியாகவே தோன்றுகிறது. செம்பின் கழுத்திலும் தட்டின் விளிம்பிலும் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர், தலைப்பெழுத்து, சிலவேளை நாள் ஆகியவை, பதிவேட்டில் எண்ணாக மட்டும் நின்ற ஒரு தொழிலாளரைப் பெயருடைய மனிதராக நமக்குக் காட்டுகின்றன. ஆலையின் முத்திரை காலத்தைச் சொல்ல, வெட்டிய பெயர் ஆளைச் சொல்கிறது. இரண்டையும் இணைத்து, வீட்டு மூத்தோரின் வாய்மொழியையும் சேர்க்கும்போதுதான் அது வரலாறாகிறது.

இப்பணிக்குக் காலம் குறைவு. கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. லயன் வீடு இடிபடும்போது சட்டமும் கூரையும் விலை போகும். விரிசல் விட்ட தட்டு குப்பைக்குப் போகும். வீடு மாறுவோர் கனமான பழைய பாத்திரங்களை எடைக்குப் போட்டுவிடுவதும் வழக்கம். அவ்வெடையில் பெயரும் போய்விடும்.

பள்ளிகள் இதில் செய்யக்கூடியது எளிது, செலவும் இல்லை. மாணவர் தத்தம் வீட்டிலுள்ள பழைய கலங்களைக் கவிழ்த்து, அளவுகோலை அருகில் வைத்து, முத்திரையைப் படம் எடுக்கட்டும். அழுத்திப் பதித்த முத்திரை மங்கலாயிருந்தால் பக்கவாட்டில் ஒளியைப் பாய்ச்சினால் எழுத்து துலங்கும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தும் படி எடுக்கலாம். முத்திரையில் உள்ளதை உள்ளவாறே, ஒரு புள்ளியும் விடாமல் எழுதட்டும். கலம் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று பாட்டியிடம் கேட்டு, அவர் சொன்னதைத் தனியே எழுதட்டும். கண்டது, கேட்டது, கருதியது ஆகிய மூன்றையும் கலக்காமல் மூன்று பத்தியில் வைப்பதே ஆய்வின் முதல் ஒழுக்கம். பழைய தோட்ட நிலத்தில் தோண்டித் தேடுவது மட்டும் கூடாது. மண்ணில் கிடந்த இடமும் சான்றே. இடம் கலைந்தால் சான்று கெடும். நிலத்தில் அத்தகைய பொருள் தற்செயலாகத் தென்பட்டால் 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுச் சட்டத்தின்படி உரிய அதிகாரிகளுக்கு அறிவிப்பதே முறை.

ஆலைகளின் முத்திரைகளுக்கு இங்கிலாந்தில் பட்டியல்கள் உள்ளன, நூல்கள் உள்ளன, அவற்றைக் காப்பாற்றுவோர் பலர். நம் பாட்டன்மார் செம்பில் வெட்டிய பெயர்களுக்கு அத்தகைய பட்டியல் எங்கும் இல்லை. அதனைத் தொகுக்க வேண்டியவர்கள் அப்பெயர்களைப் படிக்கத் தெரிந்தவர்கள். தமிழ் கற்பிப்போரும் கற்போரும் அல்லாமல் அவர்கள் வேறு யார்?